சூளைக்கு முந்தைய நாட்கள்

மார்ச் 18, 2024

உருவம் தோள் வரை எழும்பிவிட்டது. குழந்தையை இரு கைகளாலும் முன்னே நீட்டி நிற்கும் ஒரு பெண். வாங்கிக்கொள்ள எதிரே எவரும் இல்லை. கைகள் நீண்டிருப்பதால் பாரம் முழுவதும் தோளில் இறங்குகிறது. ஈர மண் அதைத் தாங்காது என்பதால் முழங்கைகளுக்கு அடியில் அதே மண்ணால் முட்டுக் கொடுத்திருக்கிறேன். மரக்கட்டையை வைத்தால், உலரும்போது மண் சுருங்கும், கட்டை சுருங்காது, கை முறிந்துவிடும்.

அம்மாவுக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை.

மார்ச் 19

அம்மா அரைக் கோப்பைக் கஞ்சி குடித்தார்.

மார்ச் 23

உறக்கம் வரவில்லை. சென்ற ஆண்டு சீனாவில், ஃபூஜியானின் தெஹுவாவில் பார்த்த வெள்ளைப் பீங்கான் குவான் யின், சீனர்களின் கருணைத் தெய்வம், கண்ணுக்குள்ளேயே நிற்கிறாள். மடியில் குழந்தையோடு அமர்ந்திருக்கும் அந்த வடிவத்தில் அவள் பிள்ளை வரம் தருபவள். அந்த ஊர் மண்ணில் இரும்பு மிகக் குறைவு. அதனால்தான் அந்தத் தந்த வெண்மை. ஜிங்தேஜென் பீங்கானில் தெரியும் நீலச் சாயல் இதில் இராது. மிங் காலத்தின் பிற்பகுதியில் ஹெ சாவ்சோங் வடித்த குவான் யின்களின் ஆடை மடிப்புகளைப் பார்த்தபோது, இத்தனை ஆண்டுகளாக மண் பிசைந்த என் கைகள் மீது எனக்கே சலிப்பு உண்டாயிற்று.

ஆனால் உறக்கத்தைக் கெடுப்பது அந்தத் தொழில்திறன் அன்று. அவளிடம் கேட்கப்பட்டவை பெரும்பாலும் ஆண் பிள்ளைகளே. என்னைப் பெற்ற சீனப் பெண்ணும் ஊதுவத்தி ஏற்றிக் கேட்டிருக்கலாம். கேட்டது ஒன்று, வந்தது நான். அதுவும் 1962-இல், புலி ஆண்டில். புலி ஆண்டுப் பெண் வீட்டுக்கு ஆகமாட்டாள் என்பது சீனர்களிடையே இருந்த நம்பிக்கை. 'பெண் மூலம் நிர்மூலம்' என்று சொல்லி மூல நட்சத்திரத்துப் பெண்ணை ஒதுக்குகிற நம்மவர்கள், புலியைக் கண்டு அஞ்சாமல் என்னைத் தூக்கிக்கொண்டு வந்ததை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. ஒருவர் சாத்திரம் மற்றவருக்குத் தெரியாமல் இருந்ததால் பிழைத்த பெண்கள் மலாயாவில் எத்தனை பேரோ.

மார்ச் 25

பங்குனி உத்திரம். கோயிலுக்குப் போகவில்லை. உருவத்துக்கு ஈரத்துணி மாற்றினேன்.

மார்ச் 28

வார்டில் புதிதாக வந்த தாதி, "நீங்கள் இவருக்கு யார்?" என்று என்னை மலாயில் கேட்டாள். அவள் தமிழ்ப் பெண்தான். மகள் என்று தமிழில் சொன்னேன். அவள் என் முகத்தையும் நெற்றிப் பொட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மருமகள் என்று எழுதத் தொடங்கினாள். அம்மா கண்ணைத் திறக்காமலேயே, "மகள்னு எழுதும்மா, அவ பொறப்புப் பத்திரத்துல என் பேருதான் இருக்கு" என்றார். இரண்டு நாட்களாகப் பேசாதவர்.

பத்திரத்தில் அப்பா பெயர், அம்மா பெயர், இனம் இந்தியர். அதற்கு முந்தைய தாள் என்று ஒன்று எங்கும் இல்லை. அன்று பல குழந்தைகள் கை மாறியது இப்படித்தான்; வழக்கறிஞரும் இல்லை, நீதிமன்றமும் இல்லை.

ஏப்ரல் 4

இன்று செங் பெங். சீனர் இடுகாட்டுச் சாலை முழுவதும் கார்கள். புல் செதுக்கி, காகிதம் எரித்து, முன்னோரை வணங்கிவிட்டுத் திரும்புகிறவர்களைக் கடந்து நான் சூளைக்குப் போனேன். நான் செதுக்க வேண்டிய புல் எங்கே முளைத்திருக்கிறது என்று தெரியாமலேயே எனக்கு அறுபது வயது கடந்துவிட்டது.

சூளைக்காரப் பெரியவரும் இடுகாட்டிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவருடைய தியோச்சூ மொழி தெரியாது, மலாயில்தான் பேசிக்கொள்கிறோம். பழைய அடுக்கிலிருந்து ஒரு மங்குக் கிண்ணத்தை எடுத்துத் தூசு தட்டிக் கொடுத்தார். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரத்தில் கட்டும் மங்கு, உட்புறம் மட்டும் பளபளப்பாக இருந்தது. மேட்டில் ஏறிப் படுத்திருக்கும் இந்த டிராகன் சூளைகளுக்கு ஒரு காலத்தில் சோறு போட்டது இந்த மங்குதான். சிங்கப்பூரின் ஜூரோங்கில் 1940-இல் கட்டப்பட்ட தௌ குவாங் சூளையும் மங்கு சுட்டுத்தான் வளர்ந்தது. தென் சீனத்தின் சாவ்சோவிலிருந்து வந்தவர்கள் வனைந்து சுட்டார்கள். தோட்டத்தில் அவற்றை ஏந்தியவர்களுள் பெரும்பாலோர் நம்மவர்கள். வெயில் ஏறினால் பால் கட்டிவிடும் என்று விடியும் முன்பே பால் வெட்ட வெளிக்காட்டுக்குப் போன அம்மா, ஒரு நாளில் நூற்றுக்கணக்கான மங்குகளைத் துடைத்து, கவிழ்த்து, நிமிர்த்தியிருக்கிறார். அவர் கைக்கு நான் வருவதற்கு வெகு முன்பே, சீனர் கை பட்ட மண் அந்தக் கைக்குப் பழகியிருந்தது.

இதைக் கண்காட்சிக் குறிப்பில் எழுதினால் எல்லாருக்கும் பிடிக்கும். அதனாலேயே எழுதமாட்டேன். மங்குக் கிண்ணத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஏப்ரல் 5

மீண்டும் காய்ச்சல்.

ஏப்ரல் 9

முகத்தில் வந்து நின்றுவிட்டேன். முகமே இல்லாமல் வழவழப்பாக விட்டுவிடலாம் என்று என் மகள் சொல்கிறாள். காணாமல் போனவர்களை எல்லாரும் அப்படித்தான் வடிக்கிறார்கள். பார்க்கிறவர் பெருமூச்சு விடுவார், சிற்பிக்கும் வேலை மிச்சம். என்னைப் பெற்றவளுக்கு முகம் இருந்தது. அதன் ஒரு பகுதியை நான் தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன். ஆனால் கண்ணாடியில் இருப்பவளுக்கு வயது மிகுதி. குழந்தையைக் கொடுத்த நாளில் அவள் என்னில் பாதி வயதுகூட ஆகாதவளாக இருந்திருக்கலாம். தாயை விட மூத்தவளாகிவிட்ட மகளின் முகத்தை வைத்துக்கொண்டு தாயின் முகத்தை எப்படிப் பிடிப்பது?

மாலையில் என் திருமணப் படத்தை எடுத்தேன். கூறைப்புடவை, நெற்றிச்சுட்டி, மல்லிகை, பெரிய குங்குமப் பொட்டு. நகையைக் கழற்றி, பூவை எடுத்து, பொட்டை அழித்து, முடியைப் பின்னே இழுத்து ஒரு வரைபடம் போட்டேன். கன்ன எலும்பும் இமையும் உடனே கிடைத்துவிட்டன. முன்பின் அறியாத ஒரு பெண் தாளிலிருந்து என்னைப் பார்த்தாள். விளக்கை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. அம்மா பாயசம் கேட்டார். சர்க்கரை கூடாது என்கிறார்கள். நாக்கில் ஒரு துளி வைத்தேன்.

ஏப்ரல் 17

வாய் வரவில்லை. எத்தனை முறை திருத்தினாலும் இடப்பக்க உதடு சற்றே கீழே இழுபடுகிறது. கோணல் என்று நினைத்து வழித்துவிட்டு மீண்டும் வைத்தேன், மீண்டும் அப்படியே. படத்தைப் பார்த்தால் அங்கேயும் அப்படித்தான். பிறகு மருத்துவமனையில், மருந்தை விழுங்க மறுத்து அம்மா உதட்டை இறுக்கியபோது அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. எலும்பை ஒருத்தி கொடுத்திருக்கிறாள், அதை அசைக்கும் விதத்தை இன்னொருத்தி கொடுத்திருக்கிறாள். நான் பொட்டை அழித்தேன், உதட்டை அழிக்க முடியவில்லை.

அப்படியானால் இந்த உருவம் பொய். அந்தச் சீனப் பெண்ணின் உதடு ஒருபோதும் அப்படி இழுபட்டிருக்காது. நாளை சரிசெய்வேன்.

ஏப்ரல் 18

சரிசெய்யவில்லை.

ஏப்ரல் 21

சீனத் துறைமுக நகரமான சுவான்சோவின் கையுவான் கோயில் பற்றிய படங்களை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். தெஹுவாவிலிருந்து திரும்பும் வழியில் போனது. பௌத்தக் கோயில்தான், ஆனால் பெரிய மண்டபத்தின் பின்புறம் இரண்டு கல்தூண்கள், யுவான் காலத்தில் அங்கே வாணிகம் செய்த தமிழர் எழுப்பி, பின்னர் அழிந்துபோன கோயிலிலிருந்து வந்தவை. தூணில் கண்ணன். அங்கே சுற்றி நின்ற எல்லாருக்கும் என் முகம். கண்ணனை அடையாளம் கண்டு நின்றுவிட்டவள் நான் மட்டும். பெற்றவள் ஒருத்தி, வளர்த்தவள் ஒருத்தி என்ற கதையை எனக்கு யாரும் தனியாகச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. யசோதையை எல்லாரும் பாடுகிறார்கள். தாலாட்டவும் பாலூட்டவும் தனக்கு வாய்க்கவில்லையே என்று தேவகி புலம்புவதைப் பத்துப் பாட்டாகப் பாட ஒரு குலசேகர ஆழ்வாருக்குத் தோன்றியிருக்கிறதே என்பதுதான் இன்று முழுவதும் என்னை உலுக்கியது. இந்தப் பெண்ணை வனைவதற்கு நான் சீனாவுக்குப் போய் வந்தேன். அவளுக்கு வேண்டிய சொல் பாசுரத்தில் இருந்தது.

ஏப்ரல் 30

முதல் சூடு முடிந்தது. 573 பாகையைக் கடக்கும்போது மண்ணிலுள்ள குவார்ட்ஸ் திடீரென விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். தடித்த இணைப்புகள் விரிசல் விடுவது அங்கேதான். தோள் தப்பியது. குழந்தையின் அடியில் மயிரிழைக் கீறல். அதை அடைக்கப்போவதில்லை.

மே 5

இன்று அடுக்கினோம், இரவில் தீ மூட்டுகிறார்கள். விறகுச் சாம்பல் சுடரோடு பறந்து வந்து, நெருப்பைப் பார்க்கும் பக்கத்தில் படிந்து உருகி அதுவே மெருகாகும். மறுபக்கம் வறண்டே இருக்கும். முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று பெரியவர் கேட்டார். நெருப்பைப் பார்த்து என்றேன். சாம்பல் கண்ணை மூடிவிடக்கூடும் என்றார். மூடட்டும், வாய் தெரிந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை சூளையைத் திறப்பார்களாம். அம்மாவை வீட்டுக்கு அனுப்புவதும் வெள்ளிதான் என்று தாதி சொன்னாள். அண்ணனுக்கு விடுப்பு கிடைக்காது. சூளையைப் பெரியவர் திறந்துகொள்வார். நான் சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைக்க வேண்டும், மாடி அறையிலிருக்கும் கட்டிலைக் கீழே இறக்க வேண்டும்.