என்னைக் கேள்வி கேட்கும் என் மகள்

42 வயதில் உளவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். பகலில் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டில் ஒன்பது வயது மகள், முட்டிவலியோடு மாமியார். எல்லாரும் தூங்கிய பிறகு படித்துக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் முதல் செமஸ்டரில் நான்கு தாள்கள் எடுத்தேன்.

இரவு பத்தரைக்குப் புத்தகத்தைத் திறப்பேன். ஒரே பத்தியை மூன்று தடவை வாசித்து மார்க்கரால் கோடு போடுவேன். மறுநாள் யோசித்துப் பார்த்தால் அந்தப் பத்தி பக்கத்தின் எந்த மூலையில் இருந்தது என்பது ஞாபகம் வரும், அதில் என்ன இருந்தது என்பது வராது. ஒரு தாளில் தேறவில்லை. இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் பாடத்திலேயே நினைவாற்றல் பற்றிய பகுதி வந்தது. ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-இல் தன்னையே சோதித்துப் பார்த்து எழுதியது: படித்தது முதலில் மளமளவென்று மறந்துபோகிறது, பிறகுதான் மறதியின் வேகம் குறைகிறது. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த ஆய்வு என்னை இன்னும் உலுக்கியது. திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், புத்தகத்தை மூடிவிட்டு நினைவுபடுத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் தங்கியிருந்தது. இரவு பத்தரைக்கு நான் செய்துகொண்டிருந்தது முதல் வகை.

வெற்றுத் தாள்களை நான்காகக் கிழித்து, முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் பதிலுமாக அட்டைகள் எழுத ஆரம்பித்தேன். மேசையில் கிடந்ததை மகள் எடுத்தாள். "ஹிப்-போ-காம்-பஸ் எதற்கு உதவுகிறது?" என்று எழுத்துக் கூட்டிக் கேட்டாள். அது மூளையின் ஒரு பகுதி. "புது நினைவுகளை உருவாக்க" என்றேன். அட்டையைத் திருப்பிப் பார்த்து ஓரமாக வைத்தாள். தப்பாகச் சொன்னால் நாலு அட்டை தள்ளிச் செருகி மறுபடி கேட்பாள். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பாதிப் பதிலுக்கெல்லாம் அவளிடம் மதிப்பெண் கிடையாது. "அம்மா, இதை முந்தாநாளும் தப்பாத்தான் சொன்னே."

தினமும் இருபது நிமிடம், அவ்வளவுதான். அதோடு மதிய இடைவேளையில் கொஞ்சம், ஞாயிறு காலை மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரம் வீடு கணவரின் பொறுப்பு, யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. செமஸ்டர் தொடங்கும்போதே ஆபீஸ் காலண்டரையும் பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாதக் கடைசியில் வரும் அசைன்மென்ட்களுக்கு முன்கூட்டியே ஆசிரியர்களிடம் பேசிவிடுகிறேன். கடைசி நாளில் கேட்டால் மறுப்பவர்கள்கூட, முதல் வாரத்தில் கேட்டால் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். தாள்களை இரண்டாகக் குறைத்துவிட்டேன். படிப்பு முடிய இரண்டு மடங்கு காலம் ஆகும். சரி, ஆகட்டும். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்: குறைவாக எடுங்கள்.

இத்தனை செய்தும் மகளின் பள்ளி ஆண்டு விழா என் தேர்வு நாளில்தான் வந்தது. போக முடியவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

நேற்று அட்டைக்கட்டில் புதிதாக ஒன்று இருந்தது, அவள் கையெழுத்தில். "சனிக்கிழமை என்னோட விளையாட வருவியா?" பின்பக்கம் காலி. "வர்றேன். காலை 10 மணி" என்று எழுதி, கட்டின் மேலேயே வைத்தேன்.