சட்டையைப் பார்த்துத் திருடனைப் பிடிக்கும் கிழங்கு

ராத்திரி குருமாவுக்கு உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டே படித்த விஷயம். 'காரா' என்று ஒரு ரகம். அதன் இலையில் உருளைக்கிழங்கு எக்ஸ் வைரஸைத் தேய்த்தாலும் ஒன்றும் ஆகாது. வழக்கமாக, தடுக்கும் செடிகள் தொற்றிய செல்களைத் தாமே சாகடிக்கும்; இலையில் பழுப்புப் புள்ளி விழும். காராவில் அந்தப் புள்ளிகூட இல்லை!

காரணம் ஆர்எக்ஸ் என்ற புரதம். அதன் மரபணுவை 1999-இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் பிரித்தெடுத்தார்கள். வைரஸ் போர்த்தியிருக்கும் புரத உறையைத்தான் இது அடையாளம் காண்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது 2002-இல் வந்த சோதனை. ஆர்எக்ஸை இரண்டு துண்டாக்கி, புகையிலைக்குச் சொந்தக்காரச் செடி ஒன்றின் இலையில் தனித்தனியாக உருவாக்கினார்கள். துண்டுகள் தாமே ஒட்டிக்கொண்டு, முழு ஆர்எக்ஸ் போலவே வேலையைப் பார்த்தன. வைரஸ் உறை உள்ளே வந்ததும் அந்தப் பிடி விட்டுப்போனது; ஆர்எக்ஸ் விழித்துக்கொள்வது அப்படித்தான் என்று கருதினார்கள்.

சரி, வைரஸும் லேசுப்பட்டதில்லை. உறைப் புரதம் அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; அதில் 121-வது மாறினால் போதும், ஆர்எக்ஸுக்கு ஆள் அடையாளம் தெரியாது. பொலிவியாவில் கிடைத்த 'எச்பி' என்ற வைரஸ் வகை அப்படித் தப்பியதுதான்.

நான் சீவிய கிழங்கு என்ன ரகமோ. கடைக்காரரைக் கேட்டால் 'ஊட்டிக் கிழங்கு' என்பார்.