தவணை வந்து சேரும் மாதம்

நன்கொடைப் பணத்தில் நடக்கும் பொதுச் சுகாதாரத் திட்டம் ஒன்றின் செலவு அறிக்கை கைக்குக் கிடைத்தால், மொத்தத் தொகையைப் பார்ப்பதற்கு முன்பே, ஒவ்வொரு தவணையும் எந்த மாதத்தில் வந்து சேர்ந்தது என்பதைத்தான் நான் தேடுவேன். ஓராண்டுத் திட்டத்துக்கான முதல் தவணை, ஒப்பந்தத் திருத்தம், வங்கி ஒப்புதல் என்று இழுபட்டு ஐந்தாம் மாதத்தில் வருமானால், எஞ்சிய ஏழு மாதங்களுக்குள் ஆளெடுத்து, பயிற்சி கொடுத்து, மருந்துக்கு டெண்டர் விட்டு, களத்துக்கும் போயாக வேண்டும். மழைக்காலம் முடிந்தபின் வந்து சேரும் கொசுவலை, அந்தப் பருவத்தின் மலேரியாவுக்கு உதவாது. செலவழிக்காத பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருந்துவிட்டால், கடைசி இரண்டு மாதங்களில் யாருக்கும் தேவைப்படாத பயிலரங்குகள் நடக்கின்றன; ரசீதுகள் முறையாக இருப்பதால் தணிக்கையில் இந்த இழப்பு பிடிபடுவதும் இல்லை. நன்கொடைப் பணம் என்றதும் எல்லோரும் முறைகேட்டைத்தான் முதலில் கேட்கிறார்கள். அதுவும் உண்டு, ஆயினும் ஒழுங்காகக் கணக்கெழுதி வீணாகும் பணமே என்னை அதிகம் வருத்துகிறது.

பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று கொடுப்பவர் விதிக்கும் வரம்பும் இதே அளவுக்கு முக்கியமானது. உலக சுகாதார நிறுவனத்தின் நிதியில் உறுப்பு நாடுகளின் சந்தா ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருங்கி, எஞ்சியதில் பெரும்பகுதி குறிப்பிட்ட நோக்கங்களுக்கென்றே வந்ததால்தான், சந்தாவைப் படிப்படியாக உயர்த்த அந்நாடுகள் 2022இல் இசைந்தன.

என் பார்வையில் மிகவும் புறக்கணிக்கப்படுவது சம்பளம். கருவிகளை வாங்கித் தர முன்வருபவர்கள், அவற்றை இயக்கும் செவிலியருக்கு ஊதியம் தரத் தயங்குகிறார்கள். தருபவர்களிலும் சிலர், அரசு மருத்துவமனையில் இருப்பவரையே கூடுதல் ஊதியத்துக்குத் தம் திட்டத்துக்கு இழுத்துக்கொள்வதால், ஒரு நோய்க்கான பணி வளர, பிரசவ அறை காலியாகிறது. ஆப்பிரிக்க நாடான மலாவி இதற்கு மாறான வழியில் சென்றது. 2004இல் தொடங்கிய அவசர மனிதவளத் திட்டத்தில், நன்கொடை நிதியின் துணையோடு, 11 பிரிவுகளைச் சேர்ந்த சுகாதாரப் பணியாளர்களுக்கு அரசு 52 சதவீத ஊதிய உயர்வு அளித்தது. அப்பிரிவுகளில் 2004இல் 5,453ஆக இருந்த பணியாளர் எண்ணிக்கை 2009இல் 8,369 ஆனது.

ஒவ்வொரு நன்கொடையாளருக்கும் தனித்தனிப் படிவத்தில் அறிக்கை எழுதும் சுமையைக் குறைக்க, உதவி தரும் நாடுகளும் பெறும் நாடுகளும் ஏற்றுக்கொண்ட 2005ஆம் ஆண்டின் பாரிஸ் பிரகடனம் வாக்களித்தது. அதன் 13 உலகளாவிய இலக்குகளில் 2010க்குள் எட்டப்பட்டது ஒன்றே ஒன்று.

2014 ஜூலையில் எபோலா நைஜீரியாவின் லேகோஸ் நகருக்குள் நுழைந்தபோது, போலியோ ஒழிப்புக்கென உருவாக்கப்பட்ட அவசரச் செயல்பாட்டு மையத்தின் அமைப்பும், அதில் பயின்ற பணியாளர்களும் உடனே அந்தப் பணிக்குத் திருப்பப்பட்டார்கள். 20 பேரோடு தொற்று நின்றது. அக்டோபரில் அந்நாடு எபோலா அற்றதாக அறிவிக்கப்பட்டது. எபோலாவைத் தடுப்பதற்கென்று அந்த மையத்துக்கு யாரும் நிதி கொடுத்திருக்கவில்லை.