கனடாவின் 'அரசரின் மகள்' ஒருத்திக்குப் பிறந்த வீடு தேடும் முறை

1663 முதல் 1673 வரை பதினான்காம் லூயி மன்னரின் செலவில் பிரான்சிலிருந்து, அங்கே குடியேறியவர்களை மணக்கக் கனடாவுக்குக் கப்பலேறிய பெண்கள் ஏறத்தாழ 770 பேர். 'அரசரின் மகள்கள்' என்பது அவர்களுக்கு வழங்கும் பெயர். அவர்களில் ஒருத்தியிடம் போய்ச் சேர, இன்றைய தலைமுறையில் தொடங்கிக் கல்யாணம் கல்யாணமாகப் பின்னோக்கிப் போக வேண்டும். இரு வீட்டுப் பெற்றோர் பெயரும் சேர்ந்து கிடைப்பது கல்யாணப் பதிவில்தான். ஒரே பங்கில் (ஒரு கோயிலுக்கு உட்பட்ட கிறிஸ்தவ வட்டாரம்) ஒரே பெயரில் இரண்டு மரியாக்கள் இருந்தால் அவர்களைப் பிரித்துக் காட்டுவதும் அதுதான்.

கனடாவின் கியூபெக் மாகாணப் பங்குப் பதிவேடுகள் மணமான பெண்ணையும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதியிருப்பது பெரிய உதவி. குழப்புவது கணவன் பெயர். ழாக் மிவில் என்பவருக்குத் தெஷேன் என்று இன்னொரு பெயரும் உண்டு. சந்ததியில் சிலர் மிவில், சிலர் தெஷேன். இப்படித் தடம் அறுந்தால் மனைவியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

மொன்ட்ரியால் பல்கலைக்கழகத்தின் பி.ஆர்.டி.ஹெச். (வரலாற்று மக்கள்தொகை ஆய்வுத் திட்டம்) தரவுத்தளத்தில் 1621 முதல் 1849 வரையிலான கத்தோலிக்கப் பதிவுகள் இருக்கின்றன. ஆனால் அது சுருக்கம். பதிவேட்டின் படத்தையும் திறந்து பார்த்துவிடுங்கள். 7 போட்டுப் பக்கத்தில் 'ப்ர்' என்று எழுதியிருந்தால் அது செப்டம்பர் (பிரெஞ்சில் 'செத்' என்றால் ஏழு). ஜூலை என்று குறித்துக்கொண்டால் குழந்தை பிறந்த கணக்கே இடிக்கும். தந்தை பெயருக்கு முன்னால் 'ஃபெ' என்ற சின்னச் சொல் நின்றால் அவர் அப்போதே காலமானவர். பிரான்சில் அவர் இறப்பைத் தேட வேண்டிய ஆண்டெல்லை அந்த ஒரு சொல்லில் கிடைத்துவிடும்.

அடுத்தது நோட்டரி எழுதிய கல்யாண ஒப்பந்தம். பெற்றோர், பங்கு, மறைமாவட்டம், அவள் கொண்டுவந்த பொருள் எல்லாம் அதில் வரும். ஒருத்திக்கு இரண்டு ஒப்பந்தங்கள் கிடைத்தால் இரண்டு கல்யாணம் என்று எழுதிவிடாதீர்கள். முதல் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டு வேறொருவரை மணந்தவர்கள் நிறையப் பேர். கோயில் பதிவு எந்தக் கணவனோடு என்று பாருங்கள்.

பாரிஸ்காரி என்றால்தான் மனம் சோரும். 1871 மே மாதத் தீயில் நகரத்தின் பழைய பங்குப் பதிவேடுகள், இரு பிரதிகளுமே, சாம்பலாயின. ஞானஸ்நானப் பதிவைத் தேடி மாதங்களைக் கழிக்காமல், தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள நோட்டரி ஏடுகளுக்கும் பழைய நீதிமன்ற ஏடுகளுக்கும் போங்கள்: பெற்றோரின் கல்யாண ஒப்பந்தம், இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியல், அனாதைப் பிள்ளைக்குக் காப்பாளர் நியமித்த தாள். 1669இல் மிவிலை மணந்த 'அரசரின் மகள்' கத்ரீன் த பையோன் வம்சத்தை இடைக்காலப் பேரரசர் ஷார்லமேன் வரை கொண்டுபோக முடிந்ததில் இத்தகைய தாள்களுக்குப் பெரும் பங்குண்டு. பெயரொற்றுமையை மட்டும் நம்பியிருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்கவே முடியாது.

எழுத்து வேலை முடிந்ததும், அவளுடைய இரு வேறு மகள்கள் வழியாக, தாய்க்குத் தாயாகவே இறங்கிவந்த இருவரின் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வை (தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் மரபணுப் பொருள்) ஒப்பிடலாம். ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஒரு தாயை மாற்றி இணைத்திருக்க வாய்ப்பு அதிகம். இரு வழியிலும் ஒவ்வொரு கல்யாணப் பதிவையும் மறுபடி திறக்க வேண்டியதுதான்.