இருவாச்சியைத் தேடிப் போய் இச்சி மரம் பார்த்த கதை

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. தேயிலைத் தோட்டங்களைப் படம் பிடிக்கத்தான் பெரும்பாலும் கூட்டம் வருகிறது. நான் போனது இருவாச்சி என்ற பெரிய அலகுப் பறவைக்காக. ஏப்ரல், குஞ்சு வளர்க்கும் காலம். பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து, எச்சத்தாலும் பழச்சக்கையாலும் வாசலைப் பூசி அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். மீதி வைத்த சந்து வழியாகச் சேவல்தான் ஊட்ட வேண்டும்.

"கூடு எங்கண்ணா இருக்கு?" என்று கூட வந்தவரிடம் கேட்டேன்.

"கூட்டுக்கிட்டப் போகக் கூடாதுங்க. இச்சி பழுத்திருக்கு, அங்க நில்லுங்க. தானா வரும்."

இரண்டு தோட்டங்களுக்கு நடுவே தப்பிப் பிழைத்த துண்டுச் சோலை. அதில் அந்த இச்சி மரம், அத்தி இனம்தான். கல்யாண வீடு மாதிரி ஒரே இரைச்சல். குக்குறுவான் பறவைகள், மலை அணில், கொஞ்ச நேரத்தில் சிங்கவால் குரங்குக் கூட்டம். இரவுப் பந்தி மரநாய்க்கும் வௌவாலுக்குமாம்.

அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்பார்கள். காட்டுக்கே சோறு போடுவது அந்தப் 'புழு'தான். அது ஒரு குளவி. ஆல், அத்தி, இச்சி எல்லாவற்றுக்கும் பூ காய்க்குள்ளேதான். மகரந்தம் சேர்ப்பது இந்தக் குளவி மட்டுமே. வெளியே வந்தால் அதன் ஆயுசு ஓரிரு நாள். அதற்குள் முட்டையிட இன்னொரு மரம் தயாராக இருக்க வேண்டும். அதனால் இந்த மரங்கள் ஒரே பருவத்தில் காய்ப்பதில்லை. முறை வைத்ததுபோல வருஷம் முழுக்க எங்காவது ஒன்று பழுத்திருக்கும். மற்ற மரங்கள் கைவிரிக்கும் மாதங்களிலும் பந்தி உண்டு.

இப்படித் தாங்கிப் பிடிக்கும் உயிரினத்துக்கு 1969-ல் 'கீஸ்டோன்' என்று பெயர் வைத்தவர் சூழலியல் அறிஞர் ராபர்ட் பெயின். அமெரிக்காவின் மக்கா விரிகுடாவில் பாறைகளிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் அகற்றிப் பார்த்தார். சிப்பிகள் இடத்தைப் பிடித்துக்கொள்ள, 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 மிஞ்சின. இங்கே யாரும் இச்சியை வெட்டிச் சோதிக்க வேண்டாம், சாமி!

இருவாச்சியும் வந்தது. சிறகுச் சத்தம் முதலில், அப்புறம்தான் பறவை. பழங்களை ஒவ்வொன்றாக முழுங்கித் தொண்டையில் சேர்த்துக்கொண்டு பள்ளத்தாக்கைத் தாண்டிப் போய்விட்டது. விதை எந்த மரக்கிளையில் விழுமோ, அங்கேயே அடுத்த இச்சி முளைக்கும்.

நீங்கள் போனால் இருவாச்சி எங்கே என்று கேட்காதீர்கள். எது பழுத்திருக்கிறது என்று கேளுங்கள். காலை ஏழு மணிக்குள் போய்விடுவது நல்லது.