பதம் சிரம் கலைந்தாட

போன காணும் பொங்கலன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் சித்தப்பா சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த கிராஃப் தாள் ஒன்றை எடுத்துத் திண்ணையில் விரித்தார். கும்பகோணத்துக்கு வரும்போதெல்லாம் எங்களுக்கு அவர் கொண்டுவரும் பண்டம் அதுதான். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டம் ஒவ்வொன்றும் ஸ்கேல் வைத்துப் போட்டிருப்பார், கறுப்புக் கட்டத்தில் ஒரு துளி மை கோட்டைத் தாண்டியிருக்காது. இந்த முறை 22 குறிப்புகள்.

வார இதழ்களில் வரும் குறுக்கெழுத்தில் பொருளை நேராகவே சொல்லிவிடுவார்கள். எழுத்துகள் குழம்பியிருந்தால் 'குழம்பியிருக்கிறது' என்றும், திரும்பியிருந்தால் 'வலமிருந்து இடம்' என்றும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். சித்தப்பாவின் புதிர் வேறு வகை. தாலுகா ஆபீசில் இருந்த நாளில் ஆங்கிலப் பத்திரிகையின் கிரிப்டிக் புதிரைப் போட்டுப் பழகி, அதன் விதிகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். அவருடைய குறிப்பு பார்க்க ஒரே வாக்கியமாக இருக்கும். உள்ளே இரண்டு துண்டு. ஒன்று விடையின் பொருள், இன்னொன்று அதே விடையை எழுத்தெழுத்தாகச் சேர்க்கும் வழி. எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார் என்பதுதான் தெரியாது. பொருள் குறிப்பின் ஏதாவது ஒரு ஓரத்தில் இருக்கும், நடுவில் இருக்கவே இருக்காது. அந்த ஒரு உறுதியை மட்டும் அவர் ஒருநாளும் மீறியதில்லை.

சுலபமான ஒன்றைச் சொல்கிறேன். 'முகம் பார்க்க ஒரு மாதம் (2)'. அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. விடை ஆடி. கண்ணாடிக்குப் பழைய பெயரும் அதுதான், மாதமும் அதுதான். பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே பாட்டில் வைத்த காளமேகம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை என்பார் சித்தப்பா. சிலேடை கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தப் புதிர் சீக்கிரம் பிடிபடும் என்று நானும் நம்புகிறேன்.

திண்ணையில் நான், தம்பி, ஆறாம் வகுப்பு படிக்கும் அவன் மகள், மூன்று பேர். அம்மா அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. விடை தோன்றினால் சட்டென்று சொல்லக் கூடாது, எந்தத் துண்டு பிடிபட்டது என்று மட்டும் சொல்ல வேண்டும். அப்போதுதான் மற்றவர்களுக்கும் அந்தக் கதவு திறக்கும் சத்தம் கேட்கும். பென்சிலில்தான் எழுதுவோம். செல்போனைத் தொட மாட்டோம்.

முதல் ஒரு மணி நேரம் ஒரு கட்டம்கூட நிரம்பவில்லை. அதற்குக் காரணம் இந்த ஒரு குறிப்பு:

'பதம் சிரம் கலைந்தாட, கூத்தன் ஊர் (6)'

இதைப் பார்த்ததுமே மூன்று பேரும் இதிலேயே போய் விழுந்தோம். 'கலைந்தாட' என்றால் எழுத்துகளைக் கலைக்கச் சொல்கிறார், அது சரி. எந்த எழுத்துகளை? தம்பி விரல்விட்டு எண்ணினான். கூ, த், த, ன், ஊ, ர். ஆறு! அப்படியென்றால் 'பதம் சிரம்' பொருள். பாப்பா பரதநாட்டியம் கற்கிறாள். "அத்தை, பதம்னா நாங்க ஆடுற பாட்டு, சிரம்னா தலை அசைவு. டான்ஸ் வார்த்தையா இருக்கும்" என்றாள். எவ்வளவு பொருத்தமாக இருந்தது! ஊ சொல்லின் நடுவில் வராது, அதனால் முதலில் வரவேண்டும் என்று வைத்துக்கொண்டு மீதி ஐந்தை எத்தனை விதமாகவோ மாற்றிப் போட்டோம். ஒன்றும் சொல்லாக நிற்கவில்லை. நடுவில் எனக்கு, நம் பூந்தோட்டம் பக்கத்துக் கூத்தனூராக இருக்குமோ என்று ஒரு சபலம். சரஸ்வதி கோவில், ஒட்டக்கூத்தர் எல்லாம் நினைவுக்கு வந்தது. எண்ணினால் ஐந்து எழுத்துதான்.

சித்தப்பா தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை. நாங்கள் தப்பான வழியில் போகும்போதெல்லாம் அவருடைய கால் கட்டைவிரல் லேசாக ஆடும்.

இந்த மாதிரி நேரத்தில் மனசைக் கவர்ந்த குறிப்பை விட்டு எழுந்துபோகத் தெரிய வேண்டும். அழகான குறிப்புதான் அதிக நேரத்தைத் தின்னும். நான் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு மேலிருந்து கீழ் குறிப்புகளை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். வாய்விட்டுப் படித்தால் வாக்கியம் தானாக உடையும். கண்ணால் படித்தால் அது ஒட்டிக்கொண்டே இருக்கும்.

'கடி, உறைப்பை மணி காட்டும் (5)'.

மிளகு மணி என்றான் தம்பி. மிளகாய் என்றாள் பாப்பா. நான் மூன்றாவது தடவை படிக்கும்போது 'கடி'க்கு அப்புறம் கொஞ்சம் நின்றேன். கடி என்பதை ஒரு கட்டளையாகவே எடுத்துக்கொண்டிருந்தோம். ஒருவேளை அது வெறும் கடிதானோ? விடையின் முதல் இரண்டு எழுத்தாக அப்படியே வெளியில் கிடக்கிறதோ? "எனக்குக் கடைசித் துண்டு பிடிபட்டிருச்சு. மணி காட்டும், அதுதான் பொருள்" என்றேன். பாப்பா உடனே கூடத்துச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். "கடி... காரம்!" என்று கத்தினாள். உறைப்பில் ஒட்டியிருந்த ஐ உருபை உரித்துவிட்டால் காரம். வேற்றுமை உருபு இருக்கிறதே, தமிழில் புதிர் போடுகிறவருக்கு அதைவிட நல்ல போர்வை கிடையாது. ஒட்டே தெரியாமல் இரண்டு சொல்லை இழுத்து மூடிவிடும்.

கடிகாரத்தின் கடைசி ம் கீழே இறங்கி, கூத்தன் ஊர் வரிசையின் ஆறாவது கட்டத்தில் உட்கார்ந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கூத்தன் ஊர் என்ற ஆறு எழுத்தில் ம் எங்கே இருக்கிறது? ஒரு மணி நேரம் கலைத்தது அத்தனையும் தப்பு. எனக்கு வருத்தம் வரவில்லை, நிம்மதியாக இருந்தது. எது இல்லை என்று உறுதியாகத் தெரிவதும் ஒரு கட்டம் நிரம்பின மாதிரிதான்.

அடுத்து, 'விண்ணின் தலைக்கு மரியாதை சேர்ந்தால் பறக்கும் (4)'. விண்ணின் தலை வி, அதில் சந்தேகமில்லை. மரியாதை? வணக்கம், மதிப்பு, கௌரவம் என்று அடுக்கிக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து அம்மா, காபிக்குக் கூப்பிட்டு யாரும் வராத கோபத்தில், "மானம் மரியாதையா வந்து எடுத்துட்டுப் போங்க" என்றாள். தம்பி எழுந்து நின்றுவிட்டான். மானம். விமானம். அந்த ம்மும் அதே வரிசைக்குத்தான் இறங்கியது, மூன்றாவது கட்டத்துக்கு.

இப்போது வரிசை இப்படி இருந்தது: இரண்டு காலி, ம், இரண்டு காலி, ம்.

இங்கேதான் தமிழ்ப் புதிருக்கே உரிய ஒரு சுகம் இருக்கிறது. தம்பி பெங்களூரில் தினம் ஆங்கிலப் புதிர் போடுகிறவன். ஆங்கிலத்தில் நடுவில் ஓர் எம் கிடைத்தால் அதற்கு அடுத்து என்ன வேண்டுமானாலும் வரலாம், பெரிய உதவி இல்லை என்பான். தமிழில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்றால் அது உயிரும் மெய்யும் சேர்ந்த முழு எழுத்து. 247-ல் ஒன்று கிடைத்தாலே சொல்லில் பாதி கிடைத்த மாதிரி. மெய் கிடைத்தால் இன்னும் நல்லது. மெய்யில் எந்தச் சொல்லும் தொடங்காது, அதற்குப் பக்கத்தில் எல்லா எழுத்தும் வந்து நிற்கவும் முடியாது.

தம்பிதான் முதலில் பார்த்தான். "அக்கா, பதம்... சிரம். மூணும் மூணும் ஆறு. ரெண்டுலயும் கடைசி எழுத்து ம்." கலைக்க வேண்டியது அந்தப் பக்கத்து எழுத்துகள்! 'கலைந்தாட' நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் கை காட்டியிருக்கிறது, நாங்கள் வலது பக்கம் போய்விட்டோம். இரண்டு ம்மும் ஏற்கெனவே கட்டத்தில் இருக்கின்றன. மீதி ப, த, சி, ர. நான்கு எழுத்து, நான்கு காலிக் கட்டம். 24 விதமாக அடுக்கலாம்.

எழுதிப் பார்த்துவிடலாம் என்று தம்பி தாள் தேடினான். பாப்பா அவன் கையைப் பிடித்தாள். "அப்பா, இரு. இன எழுத்து!" பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் நடத்தியிருந்தார்களாம். ங் பக்கத்தில் க, ஞ் பக்கத்தில் ச, ண் பக்கத்தில் ட, ந் பக்கத்தில் த, ம் பக்கத்தில் ப, ன் பக்கத்தில் ற என்று ஒப்பித்தாள். இந்த நான்கில் ம்முக்கு அடுத்து நிற்கக்கூடியது ப மட்டும்தான். நான்காவது கட்டத்தில் அவளே ப எழுதினாள். 24 விதம் 6 ஆனது.

காபி டம்ளர்களோடு வந்த அம்மா தாளைத் தலைகீழாகத்தான் பார்த்தாள். அவளுக்கு நாங்கள் விதியை விளக்கவில்லை. "கூத்தன் ஊரா? சிதம்பரம்தானே" என்றாள்.

சித்தப்பா கண்ணைத் திறந்து சிரித்தார். "அண்ணி முதல்லயே வந்திருந்தா என் புதிர் அஞ்சு நிமிஷத்துல போயிருக்கும்."

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மா முதலில் வந்து சொல்லியிருந்தால் விடை வந்திருக்கும், இந்தக் குறிப்பின் அழகு வந்திருக்காது. பாதமும் தலையும் கலைந்து ஆடுகிற ஒருவன், அவன் ஊர். பதம், சிரம் என்ற ஆறு எழுத்தும் கலைந்து ஆடினால் அந்த ஊரே வந்து நிற்கிறது. இப்படி ஒன்று தமிழில் ஒளிந்திருப்பதை சித்தப்பா எப்போது கண்டுபிடித்தார் என்று கேட்டேன். ஒருநாள் பஸ்ஸில் வரும்போது சிதம்பரம் என்ற ஊர்ப்பலகையைப் பார்த்தாராம், மூன்று மாதம் மனசில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாராம்.

1942 ஜனவரியில் லண்டனில் டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை ஒரு போட்டி வைத்தது. குறுக்கெழுத்தை 12 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அதில் தேறிய சிலரைப் போர்க்காலச் சங்கேத வேலைக்கு அழைத்துக்கொண்டார்கள். தம்பிக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும், வாட்சை வைத்துக்கொண்டு புதிர் போடுவான். அன்று எங்களுக்கு ஒரு வரிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வாட்சைத் திரும்பிப் பார்க்க அவனுக்கும் தோன்றவில்லை.

அப்புறம் மளமளவென்று வந்தது. சிதம்பரத்தின் சியிலிருந்து கீழே இறங்கும் குறிப்பு, 'திருப்பிப் படி, ஈசனே (2)'. சி இருப்பதைப் பார்த்து அம்மாவே சிவா என்றாள். காரணம் சொல்லுங்கள் என்று பாப்பா விடவில்லை. படி என்றால் வாசி, திருப்பினால் சிவா. அம்மாவுக்கு முகமே மலர்ந்துவிட்டது. பின்னாலிருந்து படித்தாலும் அப்படியே வரும் சம்பந்தரின் மாலைமாற்றை அவள் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்தவள். இதெல்லாம் புதிரா, தேவாரம்தான் என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம் எழுந்திருக்கவேயில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு மதியம் வைத்த கூட்டுக்குழம்புதான்.

பத்து மணிக்கு ஒன்றே ஒன்று பாக்கி. 'கொடு மானை, குளத்தில் மலரும் (3)'. மலரும் என்றதும் அல்லி, அல்லி என்று பாப்பா எழுதிவைத்திருந்தாள். கொடு என்றால் தா என்று அம்மா சொன்னதும் அதை அழித்தோம். மான் பிடிபடவில்லை. கலை, பிணை, உழை, நவ்வி என்று எனக்குத் தெரிந்த மான்களையெல்லாம் தாவுக்குப் பின்னால் நிறுத்திப் பார்த்தேன். முதலில் மலரைப் பிடித்துவிட்டு மானைத் தேடியிருந்தால் ஒரு நிமிட வேலை. எல்லோரும் மானையே துரத்திக்கொண்டிருந்தோம். சித்தப்பா, "காலைல பார்த்துக்கலாம்" என்று பாயை விரித்துவிட்டார்.

காலை ஐந்தரைக்கு அம்மா வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். போய்ப் பார்த்தால், தண்ணீர் தெளித்த வாசலில் எட்டு இதழோடு ஒரு பெரிய தாமரைக் கோலம். கையில் மாவோடு நிமிர்ந்து, தூக்கக் கலக்கத்தில் வந்து நின்ற தம்பியிடம் சொன்னாள்:

"மரைன்னா ஸ்குரூ மட்டும் இல்லடா."