பாட்டி திரும்பிக் கிடந்த நிலா

இங்கிலாந்தின் லீட்ஸுக்கு வந்த முதல் மாதம், பௌர்ணமியன்று சமையலறை ஜன்னல் வழியாக நிலாவைப் பார்த்தேன். வடை சுடும் பாட்டியைக் காணோம். அம்மாவிடம் போனில் சொன்னபோது, "பாட்டி எங்க கண்ணு போவா, மேகம் மறைச்சிருக்கும்" என்றார். அடுத்த பௌர்ணமிக்கு வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அப்போதும் பாட்டி இல்லை. குளிர் பழகியது, பேச்சு பழகியது, பஸ் தடங்கள் பழகின. நிலா மட்டும் யாருடையதோ போலவே இருந்தது.

ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள பழைய பிரபு மாளிகை ஒன்றுக்கு 'நிலவின் அருங்காட்சியகம்' என்ற பெரிய நிலா உருண்டை வந்திருப்பதாக உடன் வேலை செய்பவர் சொன்னார். பிரிஸ்டல் கலைஞர் லூக் ஜெரம் செய்தது. 2016இலிருந்து தேவாலயம், அருங்காட்சியகம் என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

பளிங்குத் தரை, சுவரெல்லாம் அந்தக் குடும்பத்து முன்னோர்களின் ஓவியங்கள். நடுக்கூடத்தில் ஏழு மீட்டர் அகலத்துக்கு நிலா தொங்கியது. நாசாவின் விண்கலம் எடுத்த படங்களைத் துணியில் அச்சிட்டு, பந்தாகத் தைத்து, காற்று நிரப்பி, உள்ளே விளக்கு வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு சென்டிமீட்டர் என்றால் உண்மை நிலாவில் ஐந்து கிலோமீட்டர். சுற்றி வந்து, பூமியிலிருந்து ஒருநாளும் தெரியாத பின்பக்கத்தையும் பார்த்தோம். அங்கே கருந்திட்டுகளே அதிகமில்லை, முழுக்கப் பள்ளங்கள்.

முன்பக்கத்துக்கு வந்ததும் மறுபடி பாட்டியைத் தேடினேன். அங்கிருந்த தன்னார்வலர், வயதான அம்மையார், என்ன தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். இந்த நாட்டுக்காரர்களுக்கு நிலாவில் ஒரு மனித முகம் தெரியுமாம். மேலே உள்ள இரண்டு கருந்திட்டுகள் கண்கள், கீழே இருப்பது வாய். அவர் காட்டியதும் எனக்கும் தெரிந்தது. அந்த முகம் நிமிர்ந்து இருந்தது. அப்போதுதான் பொறி தட்டியது. ஊரில் சோறூட்டும் நேரத்து நிலா, கிழக்கே அப்போதுதான் எழும்பும் நிலா. எங்கள் பரமத்தி வேலூர் நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே உதிக்கும்போது நிலாவின் வடமுனை மேலே இருக்காது, இடப்பக்கம் படுத்துக் கிடக்கும். லீட்ஸ் 54 பாகை. அதே நிலா இங்கே ஊரைவிட 43 பாகை கூடுதலாக நிமிர்ந்து உதிக்கிறது. கூடத்தில் தொங்கியதோ வடமுனை நேர் மேலே இருக்க நின்றது.

தலையை வலது தோளில் படும்படி சாய்த்தேன். பாட்டி உட்கார்ந்திருந்தாள். எத்தனை மாதத்துக்கு அப்புறம்! கண் கலங்கிவிட்டது. மகளும் சாய்த்தாள், அந்த அம்மையாரும் சாய்த்தார். "ஆமாம், குனிந்து ஏதோ செய்கிறாள்" என்றார்.

அப்புறம் மூவரும் நிலாவுக்கு நேர் கீழே மெத்தைகளில் படுத்தோம். தலைக்கு மேலே தென்முனை. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியது அந்தப் பக்கம்தான். இறங்குவதற்கு முன் ஒத்திகை பார்க்க இஸ்ரோவுக்கு நிலா மண் போன்ற மண் தேவைப்பட்டது. அதைத் தந்தது எங்கள் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியும் குன்னமலையும். நிலாவின் மேட்டு நிலத்தில் இருக்கும் அனார்த்தோசைட் பாறை அங்கே வயல்காட்டு ஓரத்திலேயே கிடக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து நிலவியல் துறையினர் அதைக் கண்டறிந்து கொடுத்தார்கள். சின்ன வயதில் சித்தம்பூண்டி வழியாகப் போகும்போது அந்த வெள்ளைக் கல்லை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், இதற்காகுமென்று யார் கண்டது?

அம்மையார் ஊர்ப்பெயரைச் சொல்லிப் பார்த்தார், மூன்றாவது முறை சரியாக வந்தது. கலம் இறங்கிய இடம் எது என்று கேட்டார். 69 பாகை தெற்கு என்றால், இந்த நிலாவில் அடிமுனையிலிருந்து ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர். படுத்தபடியே மகள் கையை நீட்டி, காற்றில் அளந்து காட்டினாள்.